நான் மன்னித்த யானைக் காசு

பழைய வீட்டின் ஓடு பிரிக்கும்போது ஒரு மணம் வரும். புழுதியும் எலிப் புழுக்கையும், எந்தக் காலத்திலோ மீன் பொரித்துக் கூரையில் ஏறித் தங்கிவிட்ட புகையுமாய்க் கலந்த மணம். போன மாதம் மகன் கூரையைக் கழற்றிக் கொங்கிரீட் போட ஆள் பிடித்தான். நான் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனால் முழுதாகப் பொத்தவில்லை. அந்த மணம் இனி வராது என்று தெரியும் அல்லவா?

மேலே நின்ற மேசன் கூப்பிட்டார். "மூத்தம்மா, இது ஒங்கடயா எண்டு பாருங்க. வளைக்கும் ஓட்டுக்கும் எடையில செருகிக் கிடந்திச்சு."

கறுத்துப்போன ஒரு துணி முடிச்சு என் காலடியில் விழுந்தது. விரலால் அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன், மிச்சமிருக்கிற பல்லால். உள்ளே யானைக் காசு.

நான் சிரித்த சிரிப்பில் மேசன் கூரையிலிருந்து எட்டிப் பார்த்தார். காணாமல்போன பிள்ளை வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் தலையில் இலை கட்டிய வெள்ளைக்கார ராசா. அப்போதுதான் அவருடைய ஞாபகம் வந்தது. ராசாவைச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் என் பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்து வராது. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். நான் 'எண்டு' என்றால் அவள் 'என்று' என்று திருத்திக்கொள்கிறாள். எழுதட்டும், படித்த பிள்ளை. ஆனால் காசு பார்க்க எழுத்து எதற்கு? பூப்போல விளிம்பு வளைந்தால் பத்துச் சதம். நாலு மூலை இருந்தால் ஐந்து சதம். மரம் போட்ட வெள்ளிக் காசு ஒன்று இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் மரத்தின் தலை விரலுக்குத் தட்டுப்படும். பேத்தி போனில் தேடி, இது இன்ன வருசம், இன்ன விலை என்கிறாள். எனக்கு இது அக்கரைப்பற்றுக் காசு, இது திருக்கோவில் காசு. அவர் கொண்டுவந்து தந்த இடம்தான் அதன் பெயர்.

அவர் மருதமுனைத் தறியில் நெய்த சாறன் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். கலியாணம் முடித்த புதிதில் எனக்கு மாலை வாங்கித் தர அவரிடம் வசதி இல்லை. ஒருநாள் செல்லாத காசு ஒன்றைக் கொண்டுவந்து, "இத வெச்சிக்ககா, ராணி ஒன்னப் போலயே முறைச்சிக்கிட்டு இரிக்கிறா" என்றார். அப்படித் தொடங்கியதுதான். யானைக் காசைத் தம்பிலுவிலில் ஓர் ஆச்சி, சாறனுக்குச் சல்லி போதாமல், பெட்டகத்துக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தாராம். அன்றைக்கு அந்தச் சாறனில் அவருக்கு நட்டம். ஆனாலும் வீதியிலேயே மணியை அடித்துக்கொண்டு வந்தார்.

சேர்க்கத் தெரிந்த எனக்கு வைக்கத் தெரியாது. ஒரு காசு மாவுக்குள் போய்ப் பிட்டில் வந்தது. ஒரு நாலு மூலை ஐந்து சதத்தை என் தம்பி விழுங்கிவிட்டான். அது எப்படித் திரும்பி வந்தது என்று எழுத வேண்டாம் என்கிறாள் பேத்தி. வீட்டுச் சில்லறையையும் அதே டின்னில்தான் போடுவேன். "நல்லதையும் கெட்டதையும் ஒண்டாப் போடாதகா" என்று அவர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

மகன் அப்போது தவழ்கிற பிள்ளை. ஒரு பகல் காய்ச்சல் ஏறி, கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. அவர் சாறனோடு எங்கோ போயிருந்தார். என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஹாஜறா ராத்தா கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தார். பிள்ளையைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். நான் என்ன செய்தேன்? டின்னுக்குள் கையை விட்டுக் கிடைத்த காசை எடுத்தேன். பிள்ளை பிழைத்தால் கடற்கரைப் பள்ளிவாசலுக்குத் தருகிறேன் என்று நேர்ந்து, துணியில் முடிந்து கூரையில் செருகிவிட்டுப் பின்னால் ஓடினேன். கைக்கு வந்தது ரூபாய்க் குத்தி என்றுதான் நினைத்தேன். அளவும் கிட்டத்தட்ட அதுதானே.

பிள்ளை பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பள்ளியில் கொடியேற்றம் வந்தபோது முடிச்சைத் தேடினேன், காணவில்லை. எலி இழுத்திருக்கும் என்று வேறு ரூபாயைக் கொண்டுபோய் உண்டியலில் போட்டேன். நேர்ச்சை முடிந்தது.

பெருநாளைக்கு முதல் டின்னைப் பாயில் கொட்டித் துடைப்பேன். அந்த முறை கொட்டினால் யானை இல்லை. பாயை உதறினேன், அலுமாரியை இழுத்தேன், அரிசிப் பானையைக் கவிழ்த்தேன். அன்று காலையில்தான் ஹாஜறா ராத்தா அரிதட்டு இரவல் கேட்டு வந்து, டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுப் போயிருந்தார். அவ்வளவுதான். என் புத்தி அங்கேயே போய் நின்றது. அதை விட்டு அசையவில்லை.

வேலிப் பக்கம் முகத்தை வைத்துச் சத்தம் போட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எல்லாம் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் பள்ளிக்கு வந்து சத்தியம் பண்ணட்டும் என்றும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அது சின்ன விசயமில்லை. பள்ளியில் சத்தியம் பண்ணக் கூப்பிடப்பட்ட வீட்டுக்குப் பிறகு பெண் கேட்டு ஆள் வராது. ராத்தாவின் வீட்டிலோ மூன்று குமர்கள் இருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் பகல் சாப்பாட்டுக்கு வந்தார். முகம் கழுவி உட்கார்ந்தார்.

"என்னகா சத்தம்? சந்தி வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும். எண்ட யானையக் காணல்ல. ராத்தா வந்துட்டுப் போன பொறகுதான் காணல்ல."

"அவ எடுக்கல்ல."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "நான்தான் எடுத்தன்" என்றார்.

"என்னத்துக்கு?"

"சைக்கிளுக்கு டயர் மாத்தினன். சல்லி காணல்ல, வித்துட்டன்."

நான் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் வெறுஞ்சோற்றைத் தின்றார்.

பெருநாள் காலையில் மன்னித்தேன். அதிலிருந்து வருசா வருசம் மன்னித்தேன். விருந்தாளி வந்தால் அவர்களுக்கு முன்னால் வைத்தும் மன்னித்தேன். "இவர் எண்ட யானையத் திண்ட மனிசன். நான் எண்டபடியா மன்னிச்சன்" என்பேன். "ஓம், பெரிய மனசு" என்று அவரும் தேத்தண்ணியை ஊதிக் குடிப்பார். வெளிநாடு போய் வந்தவர்களிடமெல்லாம் கேட்டு மிருகம் போட்ட காசாகக் கொண்டுவருவார். "யானை கிடைக்கல்ல, இந்தா டுபாய் மான்." "இது மீன்." ஒருமுறை கங்காருவும் வந்தது. என் டின்னில் பாதி அப்படிச் சேர்ந்ததுதான். செய்யாத களவுக்குக் கட்டிய அபராதம்.

மௌத்தாக முன் எல்லாரும் கேட்கிற மாதிரி அவரும் கேட்டார். "எல்லாத்தையும் பொறுத்துக்ககா."

"யானையையும் சேத்துப் பொறுத்துட்டன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, நான் நெஞ்சைத் தடவிவிட வேண்டியிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முடிச்சு கிடைத்த மறுநாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு, மாளிகைக்காட்டில் மகளோடு இருக்கிற ஹாஜறா ராத்தாவிடம் போனேன். காசைக் கையில் வைத்தேன். ராத்தா கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கிடைச்சிட்டா? எங்க கிடந்திச்சி?"

சொன்னேன். என் வாயிலிருந்து வார்த்தை கோணல்மாணலாகத்தான் வந்தது.

"அவர் எடுத்ததாச் சொன்னாரே ராத்தா. டயர் மாத்தினதாச் சொன்னாரே."

"எந்த டயர்? அந்த டயர் மொட்டையாப் பொயித்து, ஒட்டுக்கு மேல ஒட்டுப் போட்டு ஓடினத ரோட்டே பாத்திச்சு. நீதான் பாக்கல்ல."

நான் பார்க்கவில்லைதான். தினமும் என் வாசலில் சாத்தி நின்ற சைக்கிள்.

"அண்டைக்கு அசறு தொழுதுட்டு வேலிக்கிட்ட வந்தார்" என்றார் ராத்தா. "நான் எடுத்ததா இருக்கட்டும் ராத்தா, ஒங்கட பேர் பள்ளிக்குப் போகப்படா எண்டார். நான் ஆருக்கிட்டயும் சொல்லல்ல. சொல்லவும் தேவ இல்ல, எல்லாருக்கும் தெரியும்."

"பொறுத்துக்கங்க ராத்தா."

"எடுத்த கை அழுகிப் போகணும் எண்டாய். வேலிக்கு இங்கால இருந்து கேட்டன்." ராத்தா வலது கையை நீட்டி, திருப்பித் திருப்பிக் காட்டினார். "இந்தா பாரு. நல்லாத்தான் இரிக்கி."

பேத்தி சிரித்தாள், ராத்தாவும் சிரித்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கை.

"நான் அப்பவே பொறுத்துட்டன் கிளி, அந்த மனிசன்ட மொகத்துக்காக. நீ அவர்க்கிட்டக் கேளு."

எங்கே போய்க் கேட்பேன்? அவரை அடக்கிய மையவாடிக்கு எங்கள் பக்கத்தில் பெண்கள் போவதில்லை. வெள்ளிக்கிழமை மகன் ஸலாம் சொல்லப் போகும்போது அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

"மனே, வாப்பாக்கிட்டச் சொல்லு. உம்மா மன்னிச்சதையெல்லாம் திருப்பி எடுத்துக்கிட்டாவாம். இனி அவர் மன்னிக்கட்டாம்."

"ஓம் உம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு போனான். வந்ததும் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன் என்றான். வேறு என்னத்தைக் கேட்க?

இந்த வீட்டில் இன்னும் சாமான் தொலைகிறது. கண்ணாடி, மாத்திரை, வெற்றிலைப் பை. நான் பழையபடி சத்தம் போடுகிறேன். ஆளுக்கொரு அறையிலிருந்து "நான் எடுக்கல்ல" என்கிறார்கள். உண்மையைத்தான் சொல்கிறார்கள், பாவம். எடுக்காமலே எடுத்தேன் என்று சொல்லி என் வாயை அடைக்கிற ஆள் இப்போது இல்லை. நானே கிடந்து தேடுகிறேன்.