மேசை நடுவே வெள்ளை லில்லி

கிரெய்கிபர்னில் ஜனவரி வெயிலில் ஒரு கார்டன் பார்ட்டி. பற்றீஸ் பொரித்ததும் பூ அலங்கரித்ததும் ஒரே அன்ரிதான். ஒல்லியானவர், சிரிக்கவே மாட்டார். கை மட்டும் எதையாவது நேராக்கிக்கொண்டே இருக்கும். மேசை நடுவே வெள்ளை லில்லிகளை வட்டமாக அடுக்கியிருந்தார்.

"மலர்வளையம் மாதிரிக் கிடக்கு அன்ரி," என்றேன்.

"ஓம், அதுதான். என்ர மனுசன்ர செத்தவீட்டண்டு, பக்கத்து வீட்டில இருந்துகொண்டு இந்த வீட்டுக்காரி இதே முற்றத்தில பாட்டுப் போட்டவ. பற்றீஸுக்கும் இறைச்சி வைக்கேல்லை. செத்தவீடெண்டால் மரக்கறிதானே."

அந்த வீட்டுக்காரி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். "என்ன வடிவு அன்ரி. அடுத்தமுறையும் நீங்கள்தான் செய்ய வேணும்."

"கட்டாயம் பிள்ளை," என்று அன்ரி முதல்முறையாகச் சிரித்தார்.

வீட்டுக்காரியிடம் நான் சொல்லியிருக்கலாம். இன்னொரு பற்றீஸ் எடுத்துக்கொண்டேன்.