மருந்து பூசிய ஸ்டென்ட்

காஞ்சிபுரத்தில் இதய மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது ஒரு பட்டுக்கடை முதலாளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் அத்தர் மணம். பேசும்போதெல்லாம் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார்.

"உனக்கு என்னா ஸ்டென்ட்பா?"

"மருந்து பூசாத சாதா கம்பிங்க."

"அய்யே! எனக்கு வெளிநாட்டு சரக்கு, மருந்து பூசினது. போன மாசம்தான் வெச்சாங்க. ரத்தம் உறையாம இருக்க குடுத்த மாத்திரைய நிறுத்திட்டேன். அத முழுங்கினா, ஷேவிங்ல லேசா வெட்டினாக்கூட ரத்தம் நிக்க மாட்டேங்குது."

ஸ்டென்ட் என்பது அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலை; அதில் பூசிய மருந்து குழாய் திரும்ப அடைக்காமல் தடுக்கும். ஆனால் கம்பியின்மேல் சவ்வு வளர்ந்து மூடுவதையும் தாமதப்படுத்தும். மூடும்வரை அங்கே ரத்தம் உறையக்கூடும் என்று மருத்துவர் எனக்கு விளக்கியிருந்தார். அதைச் சொல்லி, "உங்களுக்குத்தாங்க மாத்திரை ரொம்ப நாளைக்கு வேணும்" என்றேன்.

"சாதா கம்பிய வெச்சிக்கினு எனக்கே புத்தி சொல்றியா?" என்று திரும்பிக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டி, மயிரிழையில் பிழைத்தாராம். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

அவரோ பக்கத்திலிருந்தவரிடம், "எனக்கு ரெண்டு தடவ அட்டாக் வந்துச்சு. உனக்கு ஒண்ணுதானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெட்கம் என்பது அந்த உடம்பில் எங்கேதான் இருந்ததோ, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.