உளுந்துச் செடிமேல் நிறுத்திய கார்

கனடாவில் நான் இருக்கும் சஸ்காட்செவன் பக்கம், சரளைக்கல் போட்ட சிறு சாலைகளில் எதிரே வருகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். முன்பின் தெரியாதவருக்கும் அதுதான் வணக்கம். முதல் வருடம், ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று பயந்து ஒவ்வொரு தடவையும் காரை ஓரங்கட்டினேன். இப்போது என் விரல்களும் தானாக எழும்புகின்றன. ஹைவே எனக்கு ஆகாது. ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் ஊருக்குள் போகிற சாலையில் போக வேண்டும் என்று வீட்டில் என் உபதேசம் வேறு.

இந்தக் கிறுக்கோடுதான் போன ஜனவரியில், விடுமுறைக்கு வந்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, ராஜபாளையத்தில் தாய் வீட்டிலிருந்த மனைவியைக் கூட்டிவரக் கிளம்பினேன். பின்னால் ஐந்து வயது மகள் இனியா, கனடாவிலிருந்து சுமந்து வந்த குழந்தை சீட்டில், நெஞ்சைச் சுற்றி வார் மாட்டி உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் அந்த சீட்டைக் கேலி செய்தார்கள். பாதுகாப்பு என்று சொல்லி வாயை அடைத்திருந்தேன். மெயின் ரோட்டை விட்டு, வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு சின்னச் சாலையில் திரும்பினேன்.

ஒரு வளைவில் சாலை முழுக்கக் காய்ந்த உளுந்துச் செடி பரப்பியிருந்தது. கொஞ்ச தூரம் உள்ளே போன பிறகு மனம் உறுத்தியது. யாரோ பாடுபட்ட வெள்ளாமைமேல் கார் ஓட்டுகிறேனே! ஓரத்தில் நின்ற ஓர் அம்மா இரண்டு கையையும் வீசிக் கத்தினார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. திட்டுகிறார் என்றே நினைத்தேன். மன்னிப்புக் கேட்கலாமென்று நட்டநடுவில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"நிக்காதீய தம்பி! போய்ட்டே இருங்க! அடியில பத்திக்கிரும்!"

அதற்குள் புகை வாடை வந்துவிட்டது. சூடான சைலன்ஸரில் செடி பற்றியிருந்தது. எடுக்கப் பார்த்தேன், சக்கரத்தில் செடி சுற்றிக்கொண்டு கார் நகரவில்லை. குதித்து இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். இனியாவின் வார்ப்பூட்டு திறக்க மாட்டேன் என்றது. எத்தனையோ முறை திறந்த பூட்டு. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். "அப்பா, சுடுது" என்று அழுதாள். என் உயிர் என்னிடம் இல்லை.

"தள்ளு தம்பி!" அந்த அம்மா என்னை இடித்து ஒதுக்கிவிட்டு, கையிலிருந்த அரிவாளால் வாரை இரண்டே இழுப்பில் அறுத்துப் பிள்ளையை வெளியே தூக்கினார். செடி பரப்பிக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பள்ளிக்கூடம் போன நாட்களில் பஸ்ஸில் இதே செடிகள்மேல் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். சக்கரம் ஏறி ஏறித்தான் உளுந்து உதிரும் என்பதும் தெரிந்ததுதான், அன்று நினைவுக்கு வரவில்லை. செடிமேல் எந்த டிரைவரும் பிரேக் போட்டதில்லை என்பதை மட்டும் நான் கவனித்ததே இல்லை.

"எந்த ஊரு தம்பி நீங்க?" என்றார் அந்த அம்மா.

"இந்தப் பக்கந்தாம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரு."

"வெளையாடாதீய. நம்மூரு ஆளு எவனாச்சும் செடிமேல நிப்பாட்டுவானா?"

கோபமில்லாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பிள்ளையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

இங்கே கனடாவில் இப்போது இலையுதிர் காலம். சென்ற வாரம் இனியாவோடு காரில் போகும்போது, பாப்லர் மரங்களின் மஞ்சள் சருகு சாலையை மூடிக் கிடந்தது. எதிரே பிக்கப்பில் வந்த கிழவர் இரண்டு விரலைத் தூக்கினார். என் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. கால் ஆக்சிலரேட்டரை அழுத்தியது. "அந்தத் தாத்தா கை காட்டினாரே, நீங்க ஏன் காட்டல?" என்றாள் இனியா. சருகு முடிந்து சரளை தெரிந்த பிறகுதான் விரல்களைத் தூக்கினேன். எதிரே யாரும் இல்லை.