ரேடியேட்டருக்கு இரண்டு முட்டை

பழைய ஜீப் வாங்கி, கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகளில் சுற்றப் போவதாக இரண்டு மூன்று பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள், என்னென்ன எடுத்துப் போவது என்று. எனக்குத் தெரிந்தது, மலாயாவில் கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் நான் வைத்திருந்த ஒரே ஜீப்தான். அதைப் பற்றியே எனக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

பட்டாளம் கழித்துவிட்ட வண்டி அது. எண்ணூறு வெள்ளிக்கு ஏலத்தில் எடுத்தேன். ஸ்டீயரிங் இடப்பக்கம், நம் சாலைக்கு நேர்மாறு. நான் தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. சம்பளத்தில் பாதி அதன் வயிற்றுக்குள் போனது. பிரேக்கைச் சரி செய்தால் கிளட்ச் போகும், கிளட்சைப் பார்த்தால் ரேடியேட்டர் ஒழுகும். எது எப்போது போகும் என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

அன்று என் மனைவி சரசுவையும், பிறந்து பத்து நாளான மகளையும் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தேன். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், சரசு வெளுத்துக் கிடந்தாள். வீட்டுக்கு ஏறத்தாழ ஐம்பது மைல். மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் தோட்டத்துக் கேட்டைத் தாண்டாவிட்டால் கைக்குழந்தையோடு இருட்டில் சாலையில் நிற்க வேண்டும். இருட்டில் அசைவது யாரென்று விசாரிக்காமலே சுடுகிற காலம். இரண்டு மணிக்குப் புறப்பட்டோம்.

பீடோங் வந்ததும் முன்னால் குபுகுபுவென்று ஆவி. எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், காக்கா என்போம், எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டு முட்டைய உடைச்சு உள்ள ஊத்து லா. வெந்து ஓட்டைய அடைச்சிக்கும்."

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஊற்றினேன், ஒழுக்கு நின்றது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். வழியில் மறுபடி ஒழுகலாம் என்று இன்னும் இரண்டு கொடுத்தார். சரசு அவற்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

சுங்கை பட்டாணி தாண்டியதும் போலீஸ் தடுப்பு. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடும் என்று, டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த முட்டைகளை நான் சாப்பாடாக நினைக்கவே இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் என்றே நினைத்திருந்தேன்.

போலீஸ்காரர் வழக்கம்போல வலப்பக்கம் வந்து, சரசுவிடம் லைசென்ஸ் கேட்டார். அவள் விழித்தாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினேன். அதற்குள் மடியைப் பார்த்துவிட்டார்.

"தெலூர்?"

முட்டைதான் என்று ஒப்புக்கொண்டு, "கெரெத்தா மக்கான்" என்றேன், வண்டி சாப்பிடும் என்று. அவர் சிரிக்கவில்லை. முட்டை இந்தத் தடுப்பைத் தாண்டாது, இங்கேயே வண்டிக்கு ஊற்று, அல்லது இங்கேயே தின்றுவிடு, இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்கு வா என்றார் மலாயில்.

நல்லதாகப் போயிற்று என்று பானெட்டைத் திறந்தேன். மறுபடி சொட்டிக்கொண்டிருந்தது. முட்டைகளை வாங்கிக்கொண்டு, ஒன்றை உடைக்கப் போனேன்.

"என்னங்க," என்றாள் சரசு. "வண்டிக்குப் பசிக்கிறது மட்டும் உங்களுக்கு நல்லாத் தெரியுது. காலைல குடிச்ச கஞ்சியோட இருக்கேன். பால் ஊறல. புள்ள வெறும் வாயச் சப்புறா."

கையில் முட்டையோடு நின்றேன். ஊற்றினால் ஆறு மணிக்குள் கேட்டுக்குப் போகலாம். ஊற்றாவிட்டால் எங்கே நிற்போம் என்று தெரியாது. எது சரி என்று எனக்கு விளங்கவில்லை. அழுகை வந்தது. கடைசியில் இரண்டையும் அவளிடம் கொடுத்தேன். பச்சையாகவே உடைத்துக் குடித்தாள். போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேட்டுக்கு அரை மைல் இருக்கும்போது இன்ஜின் அடங்கிவிட்டது. ஜீப்பைச் சாலையோரம் விட்டுவிட்டு, பிள்ளையை நான் தூக்கிக்கொள்ள, சரசு என் தோளைப் பிடித்தபடி நடந்தாள். காவலாளி சங்கிலியை மாட்டும்போது உள்ளே நுழைந்தோம். மறுநாள் போய்ப் பார்த்தேன், ஜீப் இல்லை. பட்டாளம் இழுத்துப் போனது என்றார்கள், திருடு போனது என்றார்கள். இன்றுவரை தெரியாது.

"எதுக்குத் தேடுறீங்க?" என்றாள் சரசு. "புள்ள குடிக்கிறா பாருங்க."

அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீர் இரண்டு டின், ஃபேன் பெல்ட் ஒன்று, கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி சூடானால் மீட்டர் முள் காட்டும். பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டாரா என்று காட்ட எந்த வண்டியிலும் முள் கிடையாது. வாயைத் திறந்து கேளுங்கள்.