கூரையில்லாக் காரும் நான்கு எலுமிச்சம்பழங்களும்

பணி ஓய்வு பெற்றவர்களில் சிலர் காசிக்குப் போகிறார்கள், சிலர் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். நான் பினாங்குத் தீவின் பாலிக் புலாவில், ஒரு டுரியான் பழத்தோட்டத்துக் கொட்டகையில், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ் காரை வாங்கினேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார் அது. இரண்டே இருக்கைகள், நீண்ட மூக்கு, முழங்கை உயரக் கதவு, கம்பிச் சக்கரங்கள். கூரை என்ற இடத்தில் மடக்கி வைக்கும் ஒரு துணி. மழையிலேயே வாழ்கிற ஒரு நாட்டுக்காரர்கள் கூரையில்லாத கார் ஏன் செய்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மதியம் சுட்டெரித்து மாலையில் கொட்டித் தீர்க்கும் பினாங்கில் அதை நான் ஏன் வாங்கினேன் என்பது அதைவிட விளங்கவில்லை.

ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் அதற்கு மறுவாழ்வு நடந்தது. தினமும் காலையில் போய் நின்று, திருகாணியை எந்த வரிசையில் முடுக்க வேண்டும் என்று கையேட்டிலிருந்து படித்துச் சொல்வேன். பட்டறைக்காரர் எனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அவர் அதைப் போட்ட இடம் வாசலுக்கு வெளியே.

உரிமம் வழங்கும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வாழ்நாளைக் கழித்தவன் நான். கையெழுத்து கோட்டுக்கு வெளியே ஒரு நூல் போனாலும் திருப்பி அனுப்பியவன். ஆகவே காருக்கான பரிசோதனை, காப்புறுதி, சாலை வரி எல்லாம் முதல் முயற்சியிலேயே முடிந்தன. என் கோப்பில் குறை கண்டுபிடிக்க எந்த அதிகாரியாலும் முடியவில்லை. முயன்றவர்களுக்கு நானே இரண்டொரு விதிகளை எடுத்துச் சொன்னேன்.

கிடைக்காத அனுமதி ஒன்றே ஒன்று. என் மனைவியுடையது.

"மேல கூரை இல்லாம ரோட்டுல ஊர்வலமா போறது ரெண்டே பேருதாங்க. ஒன்னு சாமி, இன்னொன்னு பொணம். நான் இதுல எது?" என்று கேட்டாள்.

எது சொன்னாலும் ஆபத்து என்பதால் கார் துடைக்கும் துணியைத் தேடிப் போனேன்.

உண்மையில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த இடதுபக்க இருக்கையில் அவள் உட்கார வேண்டும் என்பதுதான். இரண்டு பேருக்கான காரைத் தனியாக ஓட்டிப் போனால், பக்கத்தில் இருந்தவர் எங்கேயோ விழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று மக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கடற்கரைச் சாலையில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி, "அங்கிள், ஆன்ட்டி எங்க லா?" என்றே கேட்டுவிட்டார்.

பல மாதங்கள் மன்றாடிய பிறகு அவள் ஒரு நிபந்தனை விதித்தாள்.

"கோயிலுக்குக் கொண்டுபோயி பூஜை போடுங்க. எலுமிச்சம்பழத்து மேல ஏறி நல்லபடியா வெளிய வந்துச்சுன்னா, அதுலயே வீட்டுக்கு வரேன். நடுவுல மக்கர் பண்ணுச்சு, அதுக்கப்புறம் இந்தக் கெரெத்தாவப் பத்தி என்கிட்ட வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

காரை அவள் மலாயில் 'கெரெத்தா' என்றுதான் சொல்வாள். தெளிவான நிபந்தனை. அலுவலகத்தில் நான்கூட இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் பூஜைத் தட்டோடு வாடகைக் காரில் முன்னால் போய்விட்டாள். நான் என் காரில் பின்னால் போனேன். வழியெல்லாம் பூனை மாதிரி மெல்ல உறுமிக்கொண்டு ஒழுங்காக ஓடியது. கோயில் வளாகத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த குருக்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சார், இதுக்குக் கூரை அப்புறமா வருமோ?"

"இவ்வளவுதான் சாமி."

"பகவானே," என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் சந்தனம் வைத்தார்.

பானட்டுக்குக் குங்குமம், மூக்கில் சாமந்தி மாலை, நான்கு சக்கரங்களுக்கு முன்னால் நான்கு எலுமிச்சம்பழங்கள். எங்களுக்குப் பின்னால் புத்தம் புதிய கார் ஒன்றோடு ஒரு குடும்பம் காத்திருந்தது. அடுத்த பூஜை அவர்களுக்கு. மனைவி முழங்கால் வலியோடு முதலில் பின்பக்கத்தை உள்ளே இறக்கி, பிறகு கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒருவழியாக அமர்ந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். குருக்கள் பூசணிக்காயின் மேல் கற்பூரத்தை ஏற்றினார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ."

இந்தக் காரைக் கிளப்புவதற்கு ஒரு நடைமுறை உண்டு. நானே வகுத்து, தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு டாஷ்போர்டில் ஒட்டியிருந்தேன். அதன்படி சோக்கை முழுவதும் வெளியே இழுத்தேன், ஸ்டார்ட்டரை இழுத்தேன். எஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தேன். முனகியது. மறுபடியும் இழுத்தேன். அடங்கிவிட்டது.

சோக் என்பது குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் ஊட்டுவதற்கு. என் எஞ்சினோ அப்போதுதான் ஓடி வந்து கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டு எழுந்தவன் வாயில் மறுபடி சோற்றை அடைத்தது போல அது பெட்ரோலில் மூச்சுத் திணறிவிட்டது. பட்டறைக்குப் போகாதவனுக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். ஆனால் நான் வகுத்த நடைமுறையில் 'எஞ்சின் சூடாக இருந்தால்' என்ற விதிவிலக்கு இல்லை. பதவியில் இருந்தபோதும் நான் விதிவிலக்கு எழுதியவன் இல்லை.

பெட்ரோல் நாற்றம் குப்பென்று கிளம்பியது. குருக்கள் எரியும் கற்பூரத்தோடு பானட்டை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"சாமி! அப்படியே நில்லுங்க! பின்னால போங்க!" என்று கத்தினேன்.

"திருஷ்டி கழிக்க வேண்டாமா சார்?"

"தூரமா நின்னு கழிங்க!"

அவர் காரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து, வாசல் பக்கம் போய் நின்று பூசணிக்காயைச் சுற்றினார். நான் மனைவியைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

பின்னாலிருந்த புதுக் கார்க்காரர் இறங்கி வந்தார். "அண்ணே, எமகண்டம் வந்துரும்ணே. தள்ளிறலாமா?"

"இன்னும் ஒருமுறை முயன்று பார்க்கிறேன். நடைமுறைப்படி…"

"அண்ணே, நடைமுறைய வீட்டுல போயி பாத்துக்கலாம். கியர எடுங்கண்ணே. டேய், வாங்கடா, புடிங்க!"

அவருடைய மைத்துனர்கள், மாலை கட்டுகிறவர், செருப்புக்குக் காவல் இருப்பவர் என்று எல்லோரும் கை வைத்தார்கள். கார் நகர்ந்தது. நான்கு எலுமிச்சம்பழங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கின. யாரோ "அரோகரா" என்றார்கள். உடனே எல்லோரும் சொன்னார்கள்.

வாசலைத் தாண்டியதும் சாலை லேசாகச் சரிந்து இறங்குகிறது. என் மூளை வேலை செய்தது. இந்த வேகத்தில் இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மானம் தப்பும். கியர்த் தண்டில் கையை வைத்தேன். அதன்மேல் அவள் கை வந்தது.

"வேணாங்க. இப்படியே போகட்டும்."

முந்தானை தலையிலிருந்து விழுந்திருந்தது. அதை அவள் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. எஞ்சின் சத்தமே இல்லை. கம்பிச் சக்கரங்கள் சுழலும் மெல்லிய ஒலி, பின்னால் தள்ளுகிறவர்களின் சிரிப்பு, முகத்தில் காற்று. சாலையோரத் தூங்குமூஞ்சி மர நிழலில் கார் தானாக நின்றது. தள்ளியவர்கள் கைதட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

"ஓடாம இருந்தா நல்லாத்தாங்க இருக்கு," என்றாள்.

பிறகு தொலைபேசியில் வாடகைக் காரை அழைத்து, தட்டோடு ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, சோக்கைத் தொடாமல் கிளப்பி, நான் தனியாக வந்து சேர்ந்தேன்.

அன்றைய முடிவு யாருக்குச் சாதகம் என்பதை நீண்ட நேரம் ஆராய்ந்தேன். கார் மக்கர் செய்தது உண்மை. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி வெளியே வந்ததும் உண்மை. அலுவலகமாக இருந்தால் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு ஓய்வுபெறும்வரை காத்திருப்பேன். வீட்டில் மேலிடம் அவள்தான்.

மறுநாள் மாலை தீர்ப்பு வந்தது. தேநீர்க் கோப்பைகள் இரண்டை எடுத்துக்கொண்டு, வீட்டு முகப்பில் கார் நிற்கும் கொட்டகைக்கு வந்து, முதலில் பின்பக்கம், பிறகு ஒவ்வொரு காலாக, இடதுபக்க இருக்கையில் இறங்கி உட்கார்ந்தாள்.

"வாங்க," என்றாள். "சாவிய வீட்டுக்குள்ளயே வெச்சிட்டு வாங்க."

அப்போதிலிருந்து மாலை வேளைகளில் நாங்கள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறோம். இத்தனை பாடுபட்டு, கையேட்டில் ஒரு வரி பிசகாமல் நான் மீட்டெடுத்த பிரிட்டிஷ் எஞ்சினுக்கு முன்னால், துல்லியமாகச் சொன்னால் அதற்குப் பின்னால், இரண்டு பேர் உட்காரும் ஒரு தோல் சோபா. நேற்று மழை வெளுத்து வாங்கியது. எதிர்வீட்டுக்காரர் சன்னல் வழியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாரன் அடிக்குமாங்க?" என்று கேட்டாள்.

"அடிக்கும். அதற்கு எஞ்சினும் தேவையில்லை, சாவியும் தேவையில்லை."

"அப்ப அடிங்க."

அடித்தேன்.