முகம் தைத்தவள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையை இழுத்துப் பூட்டியபோது, எம்பிராய்டரி போடத் தெரிந்த கையோடு அவள் வீட்டுக்கு வந்தாள். சும்மா இருக்க முடியாமல் கொடியும் குருவியுமாகத் தலையணை உறைகள் தைத்தாள். நாத்தனார் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து, இணையத்தில் ஒரு கடை திறந்தாள். அழகு, அருமை என்று எழுதியவர்கள் ஏராளம். வாங்கத்தான் ஆளில்லை.

"லைக்கை வச்சு அடுப்பு எரியாது அண்ணி," என்றாள் நாத்தனார்.

ஒருநாள் யாரோ ஒரு பெண், தன் குழந்தையின் படம் ஒன்றை அனுப்பினாள். பிறந்த ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோன குழந்தை. மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. "இது ரெண்டும் இல்லாம என் பிள்ளை முகத்தைத் தச்சுத் தருவீங்களா?"

பிளாஸ்திரிக்கு அடியில் இருந்த கன்னத்தை அவள் ஊகித்துத்தான் தைத்தாள். அந்தத் தாய் துணியை மார்போடு அணைத்திருந்த படம் எங்கெங்கோ போனது. அதன்பிறகு குருவியை யாரும் கேட்கவில்லை. வந்த ஆர்டர் எல்லாம் இறந்தவர்களின் முகங்கள்.

வியாபாரம் சூடு பிடித்தது. கூடம் முழுக்கத் தைத்த முகங்கள் கிடந்தன; வீட்டில் பேச்சு குறைந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றபடியே சாப்பிட்டான். "எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது பாக்குறாங்க. தொண்டைல இறங்க மாட்டேங்குது," என்றான்.

பிறகுதான் ஒரு டீச்சர் போன் செய்தார். ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. பைக் விபத்தில் போன ஒரே மகனின் முகம் வேண்டுமென்றார். தைத்து அனுப்பினாள். கீழுதடு தடிமனாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். பிரித்துத் தைத்தாள். புருவம் அவனுடையது இல்லை என்றார். மறுபடி பிரித்தாள். ஊசி ஏறிய இடமெல்லாம் துணி நைந்துகொண்டே வந்தது.

"இதுக்கு ஒரு முடிவே இல்லையா? முடியாதுன்னு சொல்லித் தொலைங்க அண்ணி," என்று நாத்தனார் கத்தினாள்.

அவள் டீச்சரிடமே கேட்டாள். "உண்மையச் சொல்லுங்க டீச்சர், எது சரியில்ல?"

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. அதான் தாங்கல. உங்ககிட்ட இருக்கறப்ப, எங்கயோ போயிருக்கான், வந்துருவான்னு ஒரு நெனப்பு. பார்சல் வந்துட்டா முடிஞ்சுபோச்சு."

ஆனாலும் அவள், "இனிமே பிரிச்சா துணி கிழிஞ்சிரும் டீச்சர். இதான் கடைசி," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வாங்க ஆளில்லை என்று பார்சல் திரும்பி வந்தது. டீச்சரின் போனைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார். "டீச்சர் போயிட்டாங்கம்மா. கதவை உடைச்சுத்தான் எடுத்தோம்."

எப்படி என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி? வேலையைத்தானே செஞ்சீங்க," என்றாள் நாத்தனார், இம்முறை மெதுவாக.

"இன்னும் ஒரு தடவை பிரிச்சிருக்கலாம்."

அன்றே கடையிலிருந்து முகங்களை எல்லாம் எடுக்கச் சொன்னாள். இப்போது ஒரு தையல் கடையில் ஜிப் மாற்றுகிறாள், கால்சட்டை நீளம் குறைக்கிறாள். முகம் கேட்டு வருபவர்களிடம் கண் சரியில்லை என்று சொல்லிவிடுகிறாள்.

டீச்சரின் மகனை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பீரோவில் கணவனின் சட்டைகளுக்கு நடுவே மடித்து வைத்திருக்கிறாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் சட்டை எடுக்கும்போது அந்தத் துணி கலையாமல் எடுக்கிறான்.