தட்டிப் பார்க்காத ஈயம்

பழைய ஈயத்தோடு துத்தநாகத் துண்டுகளைத் தெரிந்தே கலந்து அவருக்கு விற்றேன். தொண்ணூறுகளில் உக்கடத்தில் எனக்குப் பழைய இரும்புக்கடை. வெண்தாடிக்காரரான அவர், வீட்டில் ஈயம் உருக்கி மீன்வலைக்குக் குண்டு வார்ப்பவர். மற்ற கடைகளில் ஒவ்வொரு துண்டையும் கல்லில் தட்டிப் பார்ப்பார். துத்தநாகம் என்றால் கணீரென்று காட்டிக்கொடுத்துவிடும். என் கடையில் மட்டும் தட்டமாட்டார். "உங்ககிட்ட எதுக்குங்க?" என்பார்.

கலந்து விற்ற மறுநாள் வந்தார். "ஏனுங்க, சட்டியில இருந்த ஈயம் பூராவும் கூழாட்ட ஆயிப்போச்சுங்க. அச்சுல எறங்கவே மாட்டேங்குது."

"அடுப்புல சூடு பத்தலீங்க பாய்," என்றேன்.

"அடுப்பு அதேதானுங்க," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தாங்காமல் உண்மையைச் சொல்லி, சுத்தமான ஈயம் ஒரு மூட்டை விலையில்லாமல் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். பிறகு என் கடைப் படியிலேயே உட்கார்ந்து, மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு துண்டாகத் தட்டிப் பார்த்தார்.